எடை குறையாத ஏலக்காய்

தமிழ்ப்ரியாவின் ஆறு வருஷ ஆராய்ச்சிக்கு டாக்டர் ஜோபி போட்டிருந்த விலை இரண்டு லட்சம் ரூபாய்.

வருஷத்துக்கு முப்பத்து மூவாயிரம். மாதத்துக்கு இரண்டாயிரத்து எழுநூற்றுச் சொச்சம். நாளுக்குத் தொண்ணூற்றிரண்டு. பாலக்காட்டு ஜவுளிக்கடையில் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்திலேயே வளர்ந்த நூர்ஜஹானுக்கு இதற்குக் காகிதமும் பேனாவும் தேவைப்படவில்லை. கோபம் வந்தால் அவளுக்கு வகுத்தல் தானாக வரும். இன்று காலையிலிருந்து வகுத்துக்கொண்டே இருந்தாள்.

"நாளுக்குத் தொண்ணூத்திரண்டு ரூபா!" கடிதத்தைக் கல்லூரி கேன்டீன் மேசையில் அறைந்தாள். டீ கிளாஸ்கள் குதித்தன.

"காய் பறிக்கிறவங்ககிட்ட இந்தக் கூலியச் சொன்னா ஜீப்ப விட்டே இறங்கமாட்டாங்க்கா," என்றான் மோகனசுந்தரம், தன் கிளாஸை மட்டும் தூக்கிக் காப்பாற்றிக்கொண்டு. துப்பறியும் நூர்ஜஹானுக்கு உதவியாளன். முன்பு சித்தூர்ப் பக்கம் விதைக்கடை ஏஜென்ட். அவளைவிட நாலு வயது மூத்தவன்தான். ஆனால் சம்பளம் தருகிறவள் எந்த வயதானாலும் அக்கா என்பது அவன் கட்சி.

கடிதம் சுருக்கமாக இருந்தது. என் ஆராய்ச்சி வழிகாட்டி ஜோபி சாரின் அளவுகளை நான் திருடி நகலெடுத்தேன் என்று தமிழ்ப்ரியா கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் மனிதாபிமான உதவியாக இரண்டு லட்சம். போடாவிட்டால் மூன்று மணிக்கு விசாரணைக் குழு. அதில் தோற்றால் ஆராய்ச்சிப் பதிவு ரத்து. திருடி என்ற பெயரோடு போகிறவளை வேறு எந்தக் கல்லூரியும் வாசலில்கூட நிறுத்தாது.

எதிரே உட்கார்ந்திருந்த தமிழ்ப்ரியா தோசையைத் தொடவில்லை. கோபாலபுரம் பக்கம் தென்னந்தோப்புக்காரர் ஆறுச்சாமியின் மகள். அவர்தான் நூர்ஜஹானை இந்த மலைக்கு அனுப்பியவர்.

"இன்னொரு வாட்டி சொல்லு," என்றாள் நூர்ஜஹான். "நான் மீட்டர் போட்டுத் துணி அளந்தவ. எனக்குப் புரியற மாதிரி சொல்லு. நீ அளந்தது எதை?"

"ட்ரான்சிஸ்டர் ஒரு கதவு மாதிரிங்க்கா. கரண்ட்ட உள்ள விடும், நிறுத்தும். நிறுத்துனாலும் கொஞ்சம் கசியுங்க. சூடும் ஈரமும் ஏற ஏறக் கசிவும் ஏறும். எந்தச் சூட்டுல, எத்தனை ஈரத்துல, எவ்வளவு கசியும்னு முன்னாடியே சொல்ற சூத்திரந்தானுங்க என்னுது. சிப்பு செய்யறவங்க செஞ்சு கெடுக்க வேண்டியதில்ல. கணக்குலயே பார்த்துக்கலாம். மத்தவங்க சூத்திரமெல்லாம் காஞ்ச சூட்டுக்குத்தான் நிக்குமுங்க. நம்மூரு ஈரத்துக்கு நிக்காது."

"அதைத்தான் உன் சார் தன் பேர்ல அச்சடிச்சு ஒரு கம்பெனிக்கும் வித்துட்டாரு."

"ஆமாங்க. லேப்ல இருக்கற சூட்டுப் பெட்டியில அவரே அளந்ததா எழுதீருக்காருங்க. அந்தப் பெட்டி ரெண்டு வருஷமா ரிப்பேருங்க்கா."

"அப்ப நீ எங்க அளந்தே?"

மூன்று நாளாகக் கேட்கிற கேள்வி. மூன்று நாளாக இதே இடத்தில் அவள் வாய் பூட்டிக்கொள்ளும். இன்றும் பூட்டிக்கொண்டது.

"அளவெல்லாம் நோட்டுல இருந்துச்சுங்க," என்றாள் கடைசியில், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. "லாங் சைஸ் நோட்டு. நோட்டும் ட்ரான்சிஸ்டர் பலகைகளும் ஒரே இரும்புப் பெட்டிக்குள்ள. போன மாசம் சார் வந்து பெட்டிய எடுத்துட்டுப் போயி, ஆபீஸ்ல சீல் வெச்சுட்டாரு. இப்ப நோட்டே இருந்ததில்லைங்கறாருங்க."

"ஆளு எப்படி?"

"ரொம்பக் கணக்குங்க. எங்களுக்கு டீ வாங்கிக் குடுத்தாலும் பில்லு கேப்பாரு. புராஜெக்ட்ல எழுதிருவாருங்க."

"அப்ப இந்த ரெண்டு லட்சத்துக்கும் ஒரு பில்லு போட்டு வெச்சுக்குங்க அம்மிணி," என்றான் மோகனசுந்தரம்.

பெட்டியில் இடமில்லாமல் எப்போதும் தனியாகவே கொண்டுபோகும் ஒரே ஒரு பலகை மட்டும் தமிழ்ப்ரியாவின் பையில் தப்பியிருந்தது. தீப்பெட்டி அளவு. கைக்குட்டையில் சுற்றியிருந்தாள். நூர்ஜஹான் அதை வாங்கிப் பார்த்தாள்; பிறகு மூக்கருகே கொண்டுபோனாள். ஜவுளிக்கடைப் பழக்கம். நனைந்து உலர்ந்த சரக்கை, புதிது என்று தலையில் கட்டப் பார்ப்பார்கள். அப்போது மூக்குத்தான் காட்டிக்கொடுக்கும்.

"மோகனா, மோந்து பாரு."

அவன் கண்ணை மூடி இழுத்தான். "பாயசம்."

"ஏலக்காய்," என்றாள் நூர்ஜஹான். "அடுக்களை டப்பாவுல பழசாப்போன வாசனை கிடையாது. ஈரத்தோட சூடுபட்ட காய். ஈரமும் சூடும் ஒண்ணாக் கிடைக்கிற அறை இந்த மலையில ஒண்ணே ஒண்ணுதான். ஏலக்காய் உலர்த்துற ஸ்டோர்."

தமிழ்ப்ரியா அழுதுவிட்டாள். "சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணீட்டேனுங்க்கா. கம்பம்மெட்டுல சாந்தம்மா ஸ்டோருங்க. கரண்டுப் பெட்டி வெச்ச அறையில உலந்த காயின்னு ஏலத்துல தெரிஞ்சா விலைய ஒடச்சிருவாங்கன்னு அவங்களுக்குப் பயம். காசே வாங்காம இடங்குடுத்தாங்க."

"அடி பைத்தியமே! உன் ஆறு வருஷத்த விட அவங்க காயோட விலை பெருசா?"

"அவங்களுக்குப் பெருசுதானுங்களே."

வியாபாரி வீட்டுப் பெண்ணான நூர்ஜஹானுக்கு அது நியாயமாகவே பட்டது. அதுவும் சேர்ந்து கோபத்தைக் கிளப்பியது.

"வண்டிய எடு," என்றாள்.

*

கம்பம்மெட்டுக்கு இருபது நிமிஷம். ஸ்டோர் வாசலில் சாந்தம்மாளின் புருஷன் சுருளிவேல் வழிமறித்தார். ஐம்பது வயது, மஃப்ளர், எதற்கும் முந்திக்கொண்டு இல்லை என்று சொல்லும் முகம்.

"ஆராய்ச்சிப் பொண்ணா? அப்பிடி யாரும் இங்கிட்டு வந்ததே இல்லயே."

அந்த நேரம் பார்த்துத் தமிழ்ப்ரியா காரிலிருந்து இறங்கினாள். உள்ளேயிருந்து ஒரு குரல் பாய்ந்து வந்தது: "ஏ கண்ணு! ஒரு மாசமா ஆளையே காணமே! இப்பிடி எளச்சுப் போயிட்டயே!"

சுருளிவேல் தரையைப் பார்த்தார்.

"தரையில எதையோ தொலைச்சுட்டீங்களாட்ட இருக்குங்க," என்றான் மோகனசுந்தரம்.

சாந்தம்மாள் வெளியே வந்தாள். இடுப்புக் கொசுவத்தில் ஒரு கைத்தராசு தொங்கியது, கொக்கி போட்ட டிஜிட்டல் தராசு. உள்ளே போகக் காலெடுத்த நூர்ஜஹானின் கைப்பையை ஒரு வார்த்தை பேசாமல் வாங்கிக் கொக்கியில் மாட்டினாள். "ரெண்டு கிலோ நூறு. போகையில பாப்பேன். கோவிச்சுக்காத தாயி. இந்த வாசல்ல எது உள்ள போனாலும் எடை, எது வெளிய வந்தாலும் எடை. எங்காத்தா வந்தாலும் சோத்து வாளிய நிறுத்துத்தான் விடுவேன்."

"என்னையும் மாட்டிப் பாருங்க," என்றான் மோகனசுந்தரம். "மத்தியானச் சோறு இல்லாம வந்திருக்கறன். போகும்போது குறைஞ்சிருந்தா அக்கா மேல கேஸ் போட்டுக்கறேன்."

உள்ளே கம்பித் தட்டுகளில் பச்சைக் காய் வியர்த்துக்கொண்டிருந்தது. கீழே இரும்புக் குழாய்களில் விறகுச் சூடு. அந்த வாசனை நூர்ஜஹானின் தொண்டைவரை இறங்கியது.

"பச்சையா அஞ்சு கிலோ போச்சுன்னா உலந்து ஒரு கிலோ வரும்," என்றாள் சாந்தம்மாள். "இந்தக் கண்ணோட பெட்டி பதினோரு தடவ போச்சு. நாலு கிலோ எரநூறு போகும், அதே நாலு கிலோ எரநூறு வரும். பலகை, நோட்டு, பெட்டி எல்லாஞ் சேத்து. ஒரு கிராமு கொறையாது. எடை கொறையாத ஏலக்காயின்னு ரிஜிஸ்டர்லயே எழுதி வச்சேன். தேதியோட, மணியோட."

நூர்ஜஹானின் கண் பளிச்சிட்டது. "அந்த ரிஜிஸ்டர்?"

சாந்தம்மாள் புருஷனைப் பார்த்தாள். புருஷன் விறகைப் பார்த்தார்.

"பத்து நாளு முன்ன ஜினோன்னு ஒரு பய வந்தான்," என்றாள் அவள். "ஜோபி சார்ட்ட வேலை பாக்குறானாம். ஏலக்காய் ஆராய்ச்சிக்குப் பழைய ரிஜிஸ்டர் வேணும்னான். நான் வந்து பாக்குறதுக்குள்ள இந்த மனுசன் பத்தாயிரத்துக்குத் தூக்கிக் குடுத்துட்டாரு. ஒரு தடவ கேட்டயா, எதுக்குடா இம்புட்டு வெலைன்னு?"

"பழைய நோட்டுக்குப் பத்தாயிரம் குடுக்குறப்ப யாரு கேள்வி கேப்பா?" என்றார் சுருளிவேல்.

"நான் கேப்பேன்!" நூர்ஜஹானின் குரலுக்குத் தட்டுகள் அதிர்ந்தன. "என் வாப்பா மொய்து ராவுத்தர் நாப்பது வருஷம் கடை நடத்தினாரு. கேட்டதுக்கு மேல ஒருத்தன் விலை சொன்னா சரக்க உள்ள எடுத்து வெச்சுட்டு, அவன் யாருன்னு முதல்ல விசாரிப்பாரு! ஒரு பொண்ணோட தலையெழுத்தையே குப்பைக் காகிதம்னு வித்திருக்கீங்க, தெரியுதா?"

தெரிந்தது. தமிழ்ப்ரியா அடங்கிய குரலில் நடந்ததை நாலே வாக்கியத்தில் சொன்னாள். கேட்கக் கேட்க சாந்தம்மாளின் முகம் அடுப்புவாய் மாதிரி ஆனது. அடுத்து அவள் புருஷனைப் பார்த்த பார்வையில் சுருளிவேல் பச்சைக் காயாகப் போய் உலர்ந்த காயாகத் திரும்பினார்.

நூர்ஜஹான் பையிலிருந்து ஜோபியின் அச்சடித்த கட்டுரையை எடுத்தாள். நான்காம் பக்கத்தில் ஒரு வரைபடம். இருபது மணி நேரத்தில் பெட்டியின் சூடு ஏறி இறங்கிய கோடு. அதை ஒரு ஆத்திரத்தில்தான் சாந்தம்மாள் முன்னால் நீட்டினாள், பெரிதாக எதையும் எதிர்பார்க்கவில்லை.

சாந்தம்மாள் கண்ணாடியைப் போட்டாள். கோட்டின்மேல் விரலை ஓட்டினாள். பாதியில் நின்றாள்.

"இது என் அடுப்புல்ல!"

"என்னது?"

"இந்தா, மொத மூணு மணி நேரம் ஏறவே மாட்டேங்குது பாரு, காயி தண்ணி விடுறப்ப அப்பிடித்தான். இங்க ஒரு பள்ளம் விழுகுது. கரண்டு போயி விசிறி நின்னுச்சு. இந்த ரெண்டாவது பள்ளம் இவரு ஈரவெறகப் போட்ட லச்சணம். அன்னைக்கு நான் வஞ்சது இந்த ஊருக்கே கேட்டிருக்கும். மாசி மாசம், எங்க நாத்தனா மகளுக்குச் சடங்கு வச்ச நாளு."

"என்ற நோட்டுல அந்தத் தேதிதானுங்க!" என்றாள் தமிழ்ப்ரியா.

ட்ரான்சிஸ்டர் என்ற சொல்லையே வாழ்நாளில் இரண்டு தரம் கேட்டிராதவள், ஒரு டாக்டரின் கட்டுரையை ஏலக்காய் மாதிரி உடைத்துக் காட்டிவிட்டாள்.

"இதை அங்க வந்து சொல்லுவீங்களா?" என்றாள் நூர்ஜஹான். இம்முறை அவள் குரல் தணிந்திருந்தது. "சொன்னா ஊருக்குத் தெரியும். காயோட விலை..."

"ஒடையட்டும்! களவாணிப் பயலுக்கு எங்கையாலயே சாட்சிய வித்திருக்கேன். அது மட்டும் எனக்குச் செரிக்குமா?"

கிளம்பும்போது பை திரும்ப எடைபோடப்பட்டது. இரண்டு கிலோ நூறு. வாசலில் நூர்ஜஹான் சுருளிவேலைத் தனியே நிறுத்தினாள்.

"பணத்தக் குடுத்ததும் அந்தப் பையன் உடனே போயிட்டானா? வேற ஏதாவது கேட்டானா?"

சுருளிவேல் யோசித்தார். கேட்டதைச் சொன்னார். நூர்ஜஹான் அன்று முதல்முறையாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து மோகனசுந்தரம் ஒரு அடி தள்ளி நின்றுகொண்டான்.

*

விசாரணை அறையில் நீளமான மேசை. நடுவில் குழுத் தலைவி, ஓய்வுபெற்ற பேராசிரியை. ஒரு பக்கம் டாக்டர் ஜோபி, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில். சுவரோரம் ஜினோ, நகத்தைக் கடித்துக்கொண்டு. மேசைமேல் சீல் வைத்த இரும்புப் பெட்டி.

சாந்தம்மாள் அடுப்பையும் பள்ளத்தையும் பற்றிச் சொல்லி முடித்தாள். ஜோபி மெல்லச் சிரித்தார்.

"மேடம், இது எலக்ட்ரானிக்ஸ். இவர் ஏலக்காய் உலர்த்தும் சேச்சி. ஒரு கிராஃபில் பள்ளம் கண்டால் கரண்ட் போனதென்று இனி நாம் எழுதலாமோ?"

மேசையைச் சுற்றிச் சிரிப்பு ஓடியது. தமிழ்ப்ரியாவின் காது சிவந்தது. சாந்தம்மாள் தராசின் கொக்கியை இறுக்கிப் பிடித்தாள். நூர்ஜஹானுக்கு உள்ளங்கை அரித்தது. வாப்பா சொல்வார், எதிராளி சிரிக்கும்போது விலையைச் சொல்லாதே, சிரித்து முடிக்கட்டும் என்று. முடிக்கவிட்டாள்.

"சார் சொல்றது சரிதான். ஏலக்காய்க்கும் உங்க வேலைக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல?"

"ஒன்றுமில்லை. என்னுடைய அளவுகள் என் லேபில் எடுத்தவை."

"கம்பம்மெட்டு சாந்தம்மா ஸ்டோரைக் கேள்விப்பட்டிருக்கீங்களா?"

"இன்றுதான் முதன்முதலாய்."

"அங்கிருந்து எதுவும் வாங்கினதில்ல?"

"நான் ஏலக்காய் டீகூடக் குடிப்பதில்லை."

"நல்லது." நூர்ஜஹான் தலைவியின் பக்கம் திரும்பினாள். "மேடம், இவரோட புராஜெக்ட் செலவு ஃபைலை ஆபீஸ்லருந்து எடுத்துவரச் சொல்லுங்க. போன பத்து நாள் பில் மட்டும் போதும்."

ஜினோ நகம் கடிப்பதை நிறுத்தினான். ஜோபியின் முகத்தில் இஸ்திரி முதல்முறையாகக் கலைந்தது.

ஃபைல் வர ஏழு நிமிஷம் ஆனது. தலைவி பக்கங்களைப் புரட்டினாள். ஒரு தாளில் நின்றாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தாள்.

"சாந்தம்மாள் ஏலக்காய் ஸ்டோர், கம்பம்மெட்டு," என்று உரக்கப் படித்தாள். "புத்தகம் ஒன்று. ஏலக்காய் எடை ரிஜிஸ்டர், ஜனவரி முதல் மே வரை. ரூபாய் பத்தாயிரம். பெயர்: டாக்டர் ஜோபி. புராஜெக்ட் செலவில் ஏற்றுக்கொள்ளவும் என்று கீழே கையெழுத்து. ஜோபி, இது உங்கள் கையெழுத்துத்தானே?"

"வெறும் புத்தகம்னு எழுதச் சொன்னான் அந்தப் பய," என்றாள் சாந்தம்மாள். "என்ன புத்தகம்னு எழுதாம நான் பில்லு கிழிக்கமாட்டேன்னுட்டேன். இந்தா கார்பன் காப்பி."

"டீ பில்லுல ஆரம்பிச்ச கை," என்றான் மோகனசுந்தரம், யாரிடமும் இல்லாமல். "திருட்டையும் செலவுக் கணக்குல எழுதிருச்சு."

"அது... ஜினோ தெரியாமல்..." என்று ஆரம்பித்தார் ஜோபி.

"சார்தான் பில் வாங்கி வான்னு சொன்னது!" ஜினோவின் குரல் கீச்சிட்டது.

நூர்ஜஹான் எழுந்து நின்றாள். காலையிலிருந்து வகுத்துக்கொண்டிருந்த கோபம் எல்லாம் இப்போது ஒரே தொகையாக நின்றது.

"வேண்டாத சரக்குக்கு யாரும் பத்தாயிரம் கொடுக்கமாட்டாங்க. லேப்ல அளந்தவருக்கு ஏலக்காய் ரிஜிஸ்டர் எதுக்கு? இவ அங்க போனதுக்கான சாட்சிய அழிக்கத்தான். சரி, அந்த ஸ்டோர் பேரு இவருக்கு எப்படித் தெரியும்? இவ உயிர் போனாலும் வாயத் திறக்கல. எங்கிட்டயே மூணு நாள் சொல்லல. அந்தப் பேரு எழுதியிருந்தது ஒரே இடத்துல, இவ நோட்டுல. இல்லவே இல்லைன்னு சொன்ன நோட்ட இவர் படிச்சிருக்காரு. ஆறு வருஷம் ஒருத்தி அனல்ல உட்கார்ந்து சம்பாதிச்சதை எடுத்துக்கிட்டு, அவளுக்கே திருடின்னு பேரும் வெச்சு, நாளுக்குத் தொண்ணூத்திரண்டு ரூபா கூலியும் பேசியிருக்காரு!"

சிரித்தவர்கள் இப்போது சிரிக்கவில்லை.

தலைவி பேனாவை மூடினாள். தமிழ்ப்ரியாவின் மேலிருந்த புகார் தள்ளுபடி, பதிவு நிற்கும், விசாரணை இனி ஜோபியின் மேல் என்றாள். பெட்டியை அவளிடம் கொடுக்கச் சொன்னாள்.

ஜோபி கடைசி விரலால் பிடித்துத் தொங்கினார். "ஸ்டோர் பெயர் யாரோ சொல்லித் தெரிந்தது. நோட்டு என்று ஒன்று இருந்ததற்கு எந்த ஆதாரமும் இல்லை. இருந்தால் காட்டட்டும்!"

தமிழ்ப்ரியா பெட்டியைத் தூக்கினாள். அப்படியே நகர விடவில்லை சாந்தம்மாள். "நில்லு கண்ணு. வெளிய போற சாமான்." சீல் உடைக்காமலே பெட்டியின் கைப்பிடியில் கொக்கியை மாட்டித் தூக்கினாள். எண்கள் ஓடி நின்றன.

"மூணு கிலோ எண்ணூத்தி அறுவது," என்றாள். "பதினோரு தடவ என் அடுப்புல வெந்தும் நாலு கிலோ எரநூறுல ஒரு கிராமு கொறையாத பெட்டி. இவரு ஏசி ரூம்புல ஒரு மாசம் இருந்து காஞ்சு போச்சாக்கும்!"

மோகனசுந்தரம் யாரும் சொல்லாமலே வாசல் கடைக்கு ஓடினான். தமிழ்ப்ரியா வழக்கமாக வாங்கும் அதே லாங் சைஸ் நோட்டோடு மூச்சிரைக்க வந்தான். "முப்பத்தஞ்சு ரூபாங்க்கா. பில்லு வாங்கல," என்று கொக்கியில் மாட்டினான்.

முந்நூற்று நாற்பது.

ஜோபி தராசைப் பார்த்தார். தமிழ்ப்ரியா, அன்று முதல்முறையாக, ஜோபியை நேராகப் பார்த்தாள்.

"என்ற நோட்டுங்க, சார்," என்றாள். கையை நீட்டி அப்படியே வைத்துக்கொண்டாள்.

சாந்தம்மாள் மடியிலிருந்து புது ரிஜிஸ்டரை எடுத்து, முதல் பக்கத்தைப் பிரித்து, எச்சில் தொட்ட பென்சிலால் எழுதி, எல்லோரும் பார்க்கும்படி மேசைமேல் திருப்பி வைத்தாள்.

எடை குறையாத ஏலக்காய். உள்ளே 4.200. வெளியே 3.860. பாக்கி 340 கிராம், ஜோபி சார் பேரில்.